தேசிய அணியின் பயிற்சியாளர் என்னதான் செய்கிறார்? ஃபின்லாந்தின் மார்க்கு கானெர்வாவை வைத்து ஓர் எளிய விளக்கம்

கால்பந்து உலகக் கோப்பையோ யூரோ கோப்பையோ தொடங்கினால் போதும். டீக்கடையிலிருந்து வாட்ஸப் குழு வரை ஒரே பல்லவிதான்: "கோச் சரியில்லப்பா, முதல்ல அவர மாத்தணும்." சரி, அந்தக் கோச் என்ன வேலை செய்கிறார் என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். "பயிற்சி கொடுக்கிறார்" என்பார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு தேசிய அணியின் பயிற்சியாளர் தன் வீரர்களுக்கு உண்மையில் பயிற்சி கொடுக்கும் நாட்களை எண்ணினால், வருடத்துக்கு ஓரிரு மாதம் தேறினால் பெரிது.

நம் மொழியும் இந்தக் குழப்பத்துக்குக் கொஞ்சம் உடந்தை. ஜிம்மில் எடை தூக்கச் சொல்லித் தருபவரும் பயிற்சியாளர்தான், ஒரு நாட்டின் கால்பந்து அணியை நடத்துபவரும் பயிற்சியாளர்தான். ஒரே சொல்லுக்குள் இரண்டு மூன்று உத்தியோகங்கள் குடியிருக்கின்றன.

அவற்றைப் பிரித்துக் காட்ட, ஃபின்லாந்து ஆண்கள் அணியை 2016 டிசம்பர் முதல் 2024 நவம்பர் வரை நடத்திய மார்க்கு கானெர்வாவை எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலோர் கேள்விப்படாத பெயர். அதுவே வசதி. புகழ்பெற்ற ஒருவரை எடுத்தால் "அவர் மேதை, அதனால் ஜெயித்தார்" என்று கதையை முடித்துவிடுவோம். கானெர்வா விஷயத்தில் அப்படித் தப்பிக்க முடியாது.

கிளப் வேறு, நாடு வேறு

முதலில் கிளப். லிவர்பூல், பார்சிலோனா போன்றவை கிளப்புகள். அங்கே பயிற்சியாளர் வாரம் ஐந்தாறு நாள் வீரர்களோடு இருக்கிறார். இடது பக்கம் ஆள் பலவீனம் என்றால், பணம் கொடுத்து வேறு கிளப்பிலிருந்து ஒருவரை வாங்கித் தரச் சொல்லலாம். இங்கிலாந்தில் இவரை 'மேனேஜர்' என்று அழைத்துப் பழக்கம். ஒரு காலத்தில் ஆள் வாங்குவது, சம்பளம் பேசுவது எல்லாமே அவர் கையில் இருந்ததன் மிச்சம் அந்தப் பெயர்.

தேசிய அணியில் ஆள் வாங்க முடியாது. அந்த நாட்டுக் குடிமக்களில் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான். நல்ல கோல்கீப்பர் நான்கு பேர் ஒரே தலைமுறையில் பிறந்துவிட்டு, இடது புற டிஃபென்டர் (தற்காப்பு வீரர்) ஒருவர்கூடப் பிறக்கவில்லை என்றால், அது அவர் தலையெழுத்து.

நேரமும் கிடையாது. கிளப் ஆட்டங்களை நிறுத்திவைத்து, வீரர்களை நாட்டுக்காக ஆட அனுப்பும் நாட்களுக்கு 'சர்வதேச இடைவெளி' என்று பெயர். கானெர்வாவின் காலத்தில் மார்ச், ஜூன், செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என்று வந்தன. ஒவ்வொன்றும் பத்து நாள் போல. அதற்குள் பயணம், ஓய்வு, இரண்டு ஆட்டம் எல்லாம் முடிய வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு முன் உருப்படியாகக் கிடைப்பது மூன்று நான்கு பயிற்சி வேளைகள்.

பள்ளியில் மாவட்ட அணிக்குப் போய் ஆடியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஒவ்வொரு பையனும் வருடம் முழுக்கத் தன் பள்ளி பி.டி. மாஸ்டரிடம் ஆடியவன். மாவட்ட அணிக்குப் பொறுப்பான மாஸ்டர் கையில் அவர்கள் வியாழக்கிழமை வந்து சேர்கிறார்கள், சனிக்கிழமை ஆட்டம். அவரால் யாருக்கும் பந்தை உதைக்கக் கற்றுத்தர முடியாது. யாரை எங்கே நிறுத்துவது, யார் யாரோடு ஒத்துப்போவார்கள், எதைச் செய்யவே கூடாது என்று சொல்லலாம். அவ்வளவுதான்.

சுருக்கமாக: கிளப் பயிற்சியாளரிடம் நேரமும் சந்தையும் உண்டு. தேசிய அணிப் பயிற்சியாளரிடம் இரண்டும் இல்லை. ஆட்களைத் தேர்வதும் பொருத்துவதும்தான் அவர் தொழில்.

நன்றாக ஆடியவர் நன்றாக ஆட வைப்பாரா?

அடுத்த தவறான எண்ணம் இது. ஐரோப்பாவில் பெரிய அணிகளை நடத்த, ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் ஒன்றியமான யூஃபாவின் உரிமம் வேண்டும். சி, பி, ஏ என்று ஏறி, கடைசியில் 'புரோ' உரிமம். ஓட்டுநர் உரிமம் மாதிரிதான். பந்தயக் கார் ஓட்டியவராக இருந்தாலும் பேருந்து ஓட்டத் தனி உரிமம் எடுத்தாக வேண்டும்.

ஃபின்லாந்தின் ஆகப் பெரிய டிஃபென்டர் சாமி ஹூபியா. 1999 முதல் 2009 வரை லிவர்பூலில் ஆடினார். 2005இல், ஐரோப்பியக் கிளப்புகளுக்கான ஆகப் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கிய அணியில் இருந்தார். ஓய்வுக்குப் பின் ஜெர்மனியின் பாயர் லெவர்குசனில் இன்னொருவரோடு சேர்ந்து பொறுப்பேற்றார். 2012-13இல் அணி ஜெர்மன் லீகில் மூன்றாம் இடம் பிடித்தது. அடுத்த பருவம் முடியும் முன்பே பதவி போனது. இங்கிலாந்தின் பிரைட்டனில் 2014 ஜூனில் சேர்ந்து அதே டிசம்பரில் விலகினார். பிறகு சுவிட்சர்லாந்தின் சூரிச் கிளப்பில் ஒரு வருடத்துக்கும் குறைவு. மோசமான பயிற்சியாளர் என்று இதை வைத்து நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்டக்காரராகச் சேர்த்த புகழ் அவருக்குக் கதவைத்தான் திறந்துவிட்டது; உள்ளே உட்கார நாற்காலி தரவில்லை.

கானெர்வா எதிர் வரிசை. 1964இல் ஹெல்சிங்கியில் பிறந்தவர். அவரும் டிஃபென்டர்தான். உள்ளூர் எச்.ஜே.கே. கிளப்பில் பெரும்பாலும் ஆடினார், சுவீடனின் எல்ஃப்ஸ்போரியிலும் ஆடினார், நாட்டுக்காக 59 ஆட்டங்கள். நல்ல ஆட்டக்காரர், நட்சத்திரம் அல்ல. இன்னொன்று: அவர் ஆசிரியர் படிப்பு படித்து, தொடக்கப் பள்ளியில் பாடம் எடுத்தவர். ஃபின்லாந்தில் அவர் செல்லப்பெயர் 'ரிவே'.

வாத்தியார் என்பதைச் சுவையான தகவலாக மட்டும் சொல்லவில்லை. பத்து வயதுப் பிள்ளைகள் இருபத்தைந்து பேரிடம் ஒரு விஷயத்தைப் புரியவைக்க வேண்டுமென்றால், எதைச் சொல்லாமல் விடுவது என்று தெரிய வேண்டும். மூன்று நாளில் ஓர் அணியைத் தயார் செய்பவருக்கும் அதே திறமைதான் தேவை.

2009இல் விதைத்தது

கானெர்வா முதலில் பேர் வாங்கியது 21 வயதுக்குட்பட்டோர் அணியில். இது தேசிய அணியின் நாற்றங்கால். 2009இல் சுவீடனில் நடந்த இந்த வயதுப் பிரிவுக்கான ஐரோப்பியப் போட்டிக்கு ஃபின்லாந்தை முதன்முறையாகக் கொண்டுபோனார். கடைசித் தடையில் ஆஸ்திரியாவோடு இரண்டு ஆட்டமும் சேர்த்துச் சமனாகி, பெனால்டியில் ஜெயித்துதான் உள்ளே போனார்கள்.

போட்டியில் என்ன ஆனது? இங்கிலாந்து, ஜெர்மனி, ஸ்பெயின் மூன்றிடமும் தோல்வி. அடித்தது மொத்தம் ஒரே கோல், அதுவும் இங்கிலாந்துக்கு எதிராகப் பெனால்டியில். முடிவை மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தோல்வி என்று எழுதிவிடுவார்கள்.

அந்தப் பெனால்டியை அடித்தவர் டிம் ஸ்பார்வ். பன்னிரண்டு வருடம் கழித்து ஃபின்லாந்து ஆண்கள் அணி முதன்முறையாகப் பெரிய போட்டிக்குப் போனபோது கேப்டன் அவர்தான். தேசிய அணிப் பயிற்சியாளருக்கு வருடத்தில் ஓரிரு மாதம்தான் கிடைக்கிறது என்று சொன்னேன் இல்லையா? அந்தப் பற்றாக்குறைக்குக் கானெர்வா கண்ட வழி இதுதான்: வீரர்களை அவர்கள் பையன்களாக இருக்கும்போதே தெரிந்துவைத்திருப்பது.

அதற்குப் பிறகு பல வருடம் பின்னிருக்கை. தலைமைப் பயிற்சியாளர் போனால் அடுத்தவர் வரும்வரை பொறுப்பேற்பவருக்கு 'இடைக்காலப் பயிற்சியாளர்' என்று பெயர். பள்ளியில் தலைமையாசிரியர் பொறுப்பு என்று போடுவார்களே, அதேதான். 2011இல் ஒருமுறை பொறுப்பு. பிறகு மிக்ஸு பாடெலைனெனுக்குத் துணை. 2015இல் பாடெலைனென் நீக்கப்பட்டதும் மறுபடி பொறுப்பு. அந்த முறை கிரீஸை அதன் மண்ணிலேயே 1-0 என்று தோற்கடித்தார். ஆனால் நிரந்தரப் பதவி சுவீடன்காரர் ஹான்ஸ் பாக்கேவுக்குப் போனது. பாக்கேவின் கீழ் 2016 முழுக்க ஒரு வெற்றிகூட வரவில்லை. அந்த டிசம்பரில்தான் கானெர்வா உண்மையான தலைமைப் பயிற்சியாளர் ஆனார். வயது 52.

இதுவரை: உரிமம், இளையோர் அணி, துணைப் பதவி, இரண்டு முறை பொறுப்பு. அதற்கப்புறம்தான் நாற்காலி. தொலைக்காட்சியில் நாம் பார்க்க ஆரம்பிப்பது இந்தக் கடைசிப் படியிலிருந்து மட்டும்.

மூன்று நாளில் எதைக் கற்றுத் தரலாம்?

சபாக் கச்சேரியை நினைத்துப் பாருங்கள். பாடகரும் வயலின்காரரும் மிருதங்கக்காரரும் ஒத்திகையே பார்க்காமல் மேடையேறுவது சாதாரணம். குளறுபடி ஆவதில்லை. காரணம், ராகமும் தாளமும் மூவருக்கும் பொது. தேசிய அணிக்கும் அப்படி ஒரு பொது இலக்கணம் வேண்டும். அது சின்னதாக இருக்க வேண்டும், எல்லாருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

கானெர்வா எடுத்துக்கொண்ட இலக்கணம் தற்காப்பு. தாக்குதல் ஆட்டம் பழக மாதங்கள் ஆகும்; இவர் எப்போது ஓடுவார், அவர் எங்கே பந்தை விடுவார் என்பது தினமும் சேர்ந்து ஆடினால்தான் வரும். தற்காப்பை விதிகளாகச் சொல்லிவிடலாம்.

அதன் பெயர் 'காம்பாக்ட் பிளாக்'. பத்துப் பேரும் இரண்டு மூன்று வரிசையாக, இடைவெளி குறைவாக, நெருங்கி நிற்பது. திருவிழாக் கூட்டத்தில் சாமி புறப்பாட்டைச் சுற்றிக் கயிறு பிடித்து வருவார்களே, அவர்களைப் பார்த்திருப்பீர்கள். சாமி இடப்பக்கம் திரும்பினால் கயிறு மொத்தமும் இடப்பக்கம் நகரும். ஒருவர் வேடிக்கை பார்த்து நின்றுவிட்டால் கயிறு தொய்ந்து, அந்த இடைவெளியில் கூட்டம் உள்ளே புகுந்துவிடும். பிளாக் அப்படித்தான். பந்து இடப்பக்கம் போனால் பத்துப் பேரும் சேர்ந்து நகர வேண்டும். நடுவழியை மூடிவிட்டு, "ஓரத்தில் வேண்டுமானால் பந்தை வைத்துக்கொள்" என்று எதிரணிக்கு விட்டுவிடுவார்கள். ஓரத்திலிருந்து கோல் அடிப்பது கடினம்.

இது பார்க்க அழகாக இருக்காது. எனக்கே பல ஆட்டங்கள் கொட்டாவி வரவழைத்தவை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 2018இல் ஐரோப்பாவில் 'நேஷன்ஸ் லீக்' என்ற போட்டி தொடங்கியது. நாடுகளைப் பலத்தின்படி ஏ, பி, சி, டி என்று அடுக்காகப் பிரித்து, சமமானவர்களோடு மோதவிடும் ஏற்பாடு. ஃபின்லாந்து சி அடுக்கில், ஹங்கேரி, கிரீஸ், எஸ்டோனியாவோடு. முதல் நான்கு ஆட்டம்: 1-0, 1-0, 1-0, 2-0. பிரிவில் முதலிடம்.

அடுத்து யூரோ 2020க்கான தகுதிச் சுற்று. பத்து ஆட்டத்தில் ஆறு வெற்றி, நான்கு தோல்வி, ஒரு சமன்கூட இல்லை. வெற்றி பெற்ற ஆறிலும் எதிரணிக்கு ஒரு கோலும் இல்லை. தோற்ற நான்கில் பத்து கோல் வாங்கினார்கள். முந்தைய நான்கையும் சேர்த்தால் பத்து வெற்றி, பத்திலும் எதிரணி பூஜ்யம். கயிறு இறுக்கமாக இருந்த நாளில் ஜெயித்தார்கள், தொய்ந்த நாளில் தோற்றார்கள்.

முன்னால் கோல் அடிக்க ஒருவர் வேண்டுமே? டீமு புக்கி இருந்தார். ஃபின்லாந்து அந்தச் சுற்றில் அடித்த 16 கோலில் 10 அவருடையவை. அந்தச் சமயத்தில்தான் இங்கிலாந்தின் நார்விச் கிளப்பை முதல் பிரிவுக்கு ஏற்றிவிட்டு உச்சத்தில் இருந்தார். இதைக் கானெர்வா உருவாக்கவில்லை. இப்படி ஒருவர் கையில் இருக்கும்போது மற்ற பத்துப் பேரையும் எப்படி நிறுத்துவது என்பதைத்தான் அவர் முடிவு செய்தார்.

தகுதி பெறுவது இப்போது சுலபம் ஆகிவிட்டதா?

ஓரளவுக்கு, ஆமாம். யூரோ கோப்பையில் 16 அணிகள் ஆடிய காலம் போய் 2016 முதல் 24 ஆனது. யூரோ 2020க்கான சுற்றில் பத்துப் பிரிவுகளில் முதல் இரண்டு இடம் பிடித்தால் நேரடியாக உள்ளே. ஃபின்லாந்து இத்தாலிக்கு அடுத்த இரண்டாம் இடம்: இத்தாலி 30 புள்ளி, ஃபின்லாந்து 18. முதலிடத்துக்கு எட்டாத தூரம், ஆனால் கிரீஸையும் போஸ்னியாவையும் தாண்டியாயிற்று.

கதவு அகலமானதால் மட்டும் உள்ளே போய்விட்டார்கள் என்று சொல்பவர்களுக்கு ஒரு பழைய கதை. நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப் நட்சத்திரம் யாரி லிட்மானென் இருந்த காலத்தில், 1997 அக்டோபரில், உலகக் கோப்பைக்கான அடுத்த கட்டத்துக்குப் போக ஹங்கேரியை ஜெயித்தால் போதும் என்ற நிலை. 1-0 என்று முன்னிலை. தொண்ணூறு நிமிடத்துக்குப் பின் சேர்த்த கடைசி நிமிடங்களில், கோல் வாசலில் ஏற்பட்ட தள்ளுமுள்ளில் பந்து தங்கள் ஆட்கள் மேலேயே பட்டுப் பட்டு உள்ளே போய்விட்டது. லிட்மானெனும் ஹூபியாவும் சேர்ந்து ஆடிய அணி கடைசிவரை ஒரு பெரிய போட்டியும் பார்க்கவில்லை. அவர்களைவிடப் பெயர் குறைந்த அணி, 2019 நவம்பர் 15 அன்று ஹெல்சிங்கியில் லிக்டன்ஸ்டைனை 3-0 என்று ஜெயித்துப் போனது. ஒலிம்பிக் மைதானத்தில் மராமத்து நடந்ததால் பக்கத்திலிருந்த சின்ன மைதானத்தில் ஆட்டம். முடிந்ததும் ஜனங்கள் வேலி தாண்டிப் புல்வெளிக்குள் இறங்கிவிட்டார்கள்.

இந்த அணிக்கு 'ஹூஹ்கயாத்' என்று பெயர். கோட்டான்கள் என்று அர்த்தம். 2007இல் பெல்ஜியத்தோடு ஆட்டம் நடந்தபோது ஒரு நிஜக் கோட்டான் மைதானத்துக்குள் பறந்து வந்து கோல் கம்பத்தில் உட்கார்ந்து ஆட்டத்தையே நிறுத்திவிட்டது. அன்று ஃபின்லாந்து ஜெயித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது.

கோபன்ஹேகன், 2021 ஜூன் 12

கொரோனாவால் ஒரு வருடம் தள்ளிப்போன யூரோவில் ஃபின்லாந்தின் முதல் ஆட்டம், டென்மார்க்கோடு, அவர்கள் ஊரிலேயே. முதல் பாதி முடியும் தறுவாயில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று மைதானத்தில் விழுந்தார். சக வீரர்கள் அவரைச் சுற்றி மதில்போல் நின்றார்கள். ஃபின்லாந்து ரசிகர்கள் "கிறிஸ்டியன்" என்று கூவ, டென்மார்க் ரசிகர்கள் "எரிக்சன்" என்று பதில் கூவினார்கள். அவர் உயிர் பிழைத்தார். ஒன்றே முக்கால் மணி நேரம் போல கழித்து ஆட்டம் தொடர்ந்தது. தொடர்ந்தது சரியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு அது தவறு என்றே படுகிறது.

பயிற்சியாளரின் வேலையைப் புரிந்துகொள்ள, அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். அந்த மனநிலையில் ஒரு அணியிடம் புதிதாக எதையும் சொல்ல முடியாது. பழகிப்போன இலக்கணம்தான் கைகொடுக்கும். பின்னால் ஐந்து பேர், நடுவில் மூன்று, முன்னால் இரண்டு. கயிறு அப்படியே நின்றது. டென்மார்க் இருபது முறைக்கு மேல் கோலை நோக்கி அடித்தது. ஃபின்லாந்து அடித்தது ஒரே ஒரு முறை: அறுபதாவது நிமிடத்தையொட்டி, இடப்பக்கத்திலிருந்து யேரே உரோனென் தூக்கிப் போட்ட பந்தை யோயெல் போஹ்யான்பாலோ தலையால் முட்டினார். கோல். அவர் கொண்டாடவில்லை. பிறகு டென்மார்க்குக்குக் கிடைத்த பெனால்டியைக் கோல்கீப்பர் லூகாஸ் ஹ்ராதெட்ஸ்கி பாய்ந்து பிடித்தார். 1-0.

அடுத்து ரஷ்யாவிடம் 0-1, பெல்ஜியத்திடம் 0-2. மூன்றாமிடம் பிடித்த அணிகளில் சிறந்த நான்கு அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்ற விதி இருந்தது. உக்ரைனும் ஃபின்லாந்தும் ஆளுக்கு மூன்று புள்ளி. உக்ரைன் அடித்ததைவிட வாங்கியது ஒரு கோல் அதிகம், ஃபின்லாந்துக்கு இரண்டு. உக்ரைன் போனது, ஃபின்லாந்து வீடு திரும்பியது.

(அந்த அணியிலிருந்த மிட்ஃபீல்டர் யோனி கௌகோ, போட்டி முடிந்த கையோடு கொல்கத்தாவுக்கு வந்து மோகன் பகானில் சேர்ந்தார். ஐ.எஸ்.எல். பார்ப்பவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும்.)

அப்புறம் ஏன் போனார்?

இதே ஏற்பாடு 2020 நவம்பரில் பாரிஸில் பிரான்ஸையே 2-0 என்று வீழ்த்தியிருந்தது. பிறகு என்ன ஆயிற்று? ஆள் வாங்க முடியாது என்று முதலில் சொன்னதை நினைவில் வையுங்கள். ஸ்பார்வ் ஓய்வு பெற்றார். புக்கிக்கு வயதானது; அவர் இடத்தில் பத்து கோல் அடிக்க இன்னொருவர் தானாக முளைக்கவில்லை. கிளப்பாக இருந்தால் ஜனவரியில் ஒருவரை வாங்கியிருப்பார்கள். தற்காப்பை நம்பும் அணிக்கு, கிடைக்கும் ஒரு வாய்ப்பை உள்ளே போடுகிறவர் இல்லையென்றால் 1-0 எல்லாம் 0-0 ஆகும், 0-0 எல்லாம் 0-1 ஆகும். எதிரணிகளும் அதற்குள் அந்தக் கயிற்றைப் படித்துவிட்டிருந்தன.

2024 மார்ச்சில், யூரோ வாய்ப்புக்கான ஆட்டத்தில் வேல்ஸிடம் 1-4. அந்த இலையுதிர்காலத்தில் நேஷன்ஸ் லீக் பி அடுக்கில் இங்கிலாந்து, கிரீஸ், அயர்லாந்தோடு ஆறு ஆட்டம், ஆறும் தோல்வி. அணி மறுபடி சி அடுக்குக்கு இறங்கியது. கானெர்வா ஆரம்பித்த அதே அடுக்கு. அந்த நவம்பரில் அவர் பதவி முடிந்தது.

அவருக்குப் பின் 2025இல் பொறுப்பேற்றவர் யாகோப் ஃப்ரீஸ். அவர் டென்மார்க்காரர்.